குளுக்கோஸ் டிரம்முக்கு ஆள் உண்டு, எசன்ஸ் பாட்டிலுக்கு இல்லை

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பேக்கரி இருக்கிறது. முன்னால் கடை, பின்னால் சரக்குப் போடும் இடம். ஓவனும் மாஸ்டர்களும் என் கணவர் பொறுப்பு. ஸ்டோரும் கணக்கும் என்னுடையது. ஸ்டோர் என்றால் வருகிற சரக்கை எழுதி வைப்பது என்றுதான் நினைப்பார்கள். சரக்கு தீர்ந்ததும் மிஞ்சும் காலி டப்பாக்களும் ஸ்டோர் தலையில்தான் விடியும். லிக்விட் குளுக்கோஸ் வந்த நீல டிரம், எண்ணெய் வந்த 15 லிட்டர் கேன், கேக் ஜெல் வந்த 5 கிலோ பக்கெட், ஜாம் பக்கெட், தக்காளி சாஸ் கேன், மயோனைஸ் டப்பா, வினிகர் கேன், எசன்ஸ் பாட்டில்கள், தரை கழுவும் ஆசிட் கேன், மூடி உடைந்த பிஸ்கட் ஜாடிகள். தீபாவளி, கிறிஸ்துமஸ் சீசனில் பின்கட்டில் கால் வைக்க இடம் இருக்காது.

என்ன செய்வது என்று யாரிடம் கேட்டாலும், "பழைய இரும்புக் கடையில போட்டுடுங்க" என்பார்கள். போடலாம்தான். ஆனால் அங்கே எடைக்குத்தான் காசு. 15 லிட்டர் எண்ணெய் கேன் ஒரு கிலோகூட வராது. 5 கிலோ பக்கெட் கால் கிலோ வந்தாலே அதிகம். ஒரு மினி ஆட்டோ நிறைய அடுக்கினாலும் தராசில் ஏறுவது கொஞ்சம்தான். வண்டி வாடகை போகக் கையில் நிற்பது அதைவிடக் கொஞ்சம். அதே கேன் கேனாகவே வேண்டும் என்கிற ஒருவர் கிடைத்தால், பழைய பிளாஸ்டிக்காகப் போகும் விலையைப் போலப் பல மடங்கு தருவார், தானே வந்தும் எடுத்துக்கொள்வார். அப்படிப்பட்ட ஆட்களைக் கண்டுபிடித்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். பேக்கரி என்று இல்லை, ஓட்டல், கேட்டரிங், பலகாரக் கடை, ஊறுகாய்த் தொழில் செய்கிறவர்களுக்கும் இதில் பெரும்பாலானது பொருந்தும்.

எந்த டப்பாவாக இருந்தாலும் அது என்ன பிளாஸ்டிக் என்று பார்ப்பதற்கு முன்னால், உள்ளே என்ன இருந்தது என்று பார்க்கிறேன். வாங்க வருகிறவர் கேட்பதும் அதைத்தான்.

குளுக்கோஸ் டிரம்மிலிருந்தே தொடங்குகிறேன், போட்டி அதற்குத்தான் அதிகம். குளுக்கோஸ் தண்ணீரைவிடக் கனமானது. 300 கிலோ குளுக்கோஸ் வந்த டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் 200 லிட்டருக்குச் சற்று மேலே பிடிக்கும். இயற்கை விவசாயம் செய்கிறவர்களுக்கு வேண்டிய அளவு சரியாக அதுதான். ஒரு ஏக்கருக்கு ஜீவாமிர்தம் என்கிற உரக் கரைசல் தயாரிக்க 10 கிலோ நாட்டு மாட்டுச் சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வயல் மண், 200 லிட்டர் தண்ணீர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. கலக்குவதற்கு இடம் வேண்டும் என்பதால் கொஞ்சம் பெரிய டிரம்மாக இருந்தால் நல்லது. தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு பெரியவர் முதன்முதலில் டிரம் கேட்டு வந்தபோது விலையைக் கேட்கவில்லை. "ஏனுங் அம்மணி, இதுல சக்கரைப் பாகுதானுங்ளே இருந்துச்சு?" என்றார். "குளுக்கோஸுங்க. வேற ஒண்ணும் ஊத்துனதில்லீங்க" என்றேன். விரலை உள்ளே விட்டுத் தடவி, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுத்தார்.

அவர் அப்படிக் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இங்கிருந்து திருப்பூர் தூரமில்லை. சாயப்பட்டறைகளுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு, அசிட்டிக் ஆசிட் எல்லாம் வருவதும் இதே மாதிரி நீலக் கேன்களிலும் டிரம்களிலும்தான். காலியான பிறகு லேபிளைச் சுரண்டிவிட்டால் எதில் என்ன இருந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. சாலையோரம் அடுக்கி விற்கும் செகண்ட் ஹேண்ட் டிரம்மை வாங்கிப்போய்க் குடிதண்ணீர் பிடித்து வைக்கிற வீடுகள் உண்டு. அபாயகரமான ரசாயனம் இருந்த காலி டிரம்களும் கேன்களும் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருகின்றன. அங்கீகாரம் பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும், வீட்டு வாசலுக்கு வரக் கூடாது. பூச்சி மருந்து கேன் விஷயமும் இதே மாதிரிதான். மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றிவிட்டு, கேனில் ஓட்டை போட்டு, மறுபடி யாரும் உபயோகிக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்று வேளாண் துறையினர் சொல்வது சும்மா இல்லை. அதில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். எங்களிடம் வந்து எண்ணெய் கேன் கேட்கும் தோட்டக்காரர்களுக்கு நான் கொஞ்சம் சகாய விலையில் கொடுப்பதற்கு இது ஒரு காரணம்.

குளுக்கோஸ் டிரம்மில் ஒரு சின்னச் சிக்கல், பல டிரம்களுக்கு வாய் குறுகலாக இருக்கும். ஜீவாமிர்தம் கலக்க அகலமான வாய் வேண்டும். மேல்தட்டை மட்டும் ஜிக்சா பிளேடு வைத்து வட்டமாக அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தால் விலை கூடும். ஜீவாமிர்தத்துக்கு இறுக்கமான மூடி ஆகாது, காற்று வெளியே போக வேண்டும். கோணிச் சாக்கு போட்டு மூடுவார்கள். அதனால் மேல்தட்டு போனால் பரவாயில்லை. தண்ணீர் சேமிக்கக் கேட்கிறவர்களுக்கு மட்டும் அறுக்காமல் கொடுக்கிறோம்.

அடுத்தது பக்கெட். கேக் ஜெல், ஜாம், ஃபில்லிங் வருகிற வெள்ளைப் பக்கெட்டுகளுக்குக் கொத்தனார்களும் பெயின்டர்களும் நிரந்தர வாடிக்கையாளர்கள். கலவை அள்ள, தண்ணீர் தூக்க, சுண்ணாம்பு கரைக்க என்று வாரம் ஒரு பக்கெட்டை உடைக்கிறவர்கள் அவர்கள். பால் மாடு வைத்திருப்பவர்களுக்குப் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் ஊறவைக்க வேண்டும், அதற்கும் பக்கெட்தான். மூடி இறுக்கமாக இருப்பவற்றைச் செடிக்கு உரமாக மீன் அமிலம் போடுகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மீன் கழிவும் அதே எடை வெல்லமும் போட்டு மூன்று வாரத்துக்கு மேல் மூடி வைக்க வேண்டிய சமாச்சாரம் அது. மூடி தளர்வாக இருந்தால் தெருவே மூக்கைப் பிடிக்கும், நாய் வேறு வந்து உருட்டும். ஆகவே மூடியைத் தனியாக எங்காவது எறிந்துவிடாதீர்கள். மூடியோடு இருக்கும் பக்கெட்டும் மூடி இல்லாத பக்கெட்டும் விற்பனையில் இரண்டு வேறு சரக்கு. எங்கள் இடத்தில் பக்கெட்டைத் திறந்த உடனே மூடியைக் கைப்பிடிக் கம்பியில் கோத்துவிட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மாஸ்டர் முதலில் முணுமுணுத்தார். இப்போது அவரே மற்றவர்களை அதட்டுகிறார்.

மாடித்தோட்டக்காரர்களைப் பற்றி இரண்டு வார்த்தை. அவர்கள் எல்லாவற்றையும் கேட்பார்கள், மொத்தமாகக் கேட்பார்கள், பெரும்பாலும் இலவசமாகக் கேட்பார்கள். கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை, ஆனால் 5 கிலோ பக்கெட் கீரைக்கும் மிளகாய்க்கும்தான் சரிவரும். தக்காளி, கத்தரிக்கு 15, 20 லிட்டராவது வேண்டும். அடியில் ஓட்டை போட்டால் பக்கெட் தரையில் உட்கார்ந்து ஓட்டை அடைத்துக்கொள்ளும், பக்கவாட்டில் அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில் போட்டால் தண்ணீர் ஒழுங்காக வடியும். வெள்ளை பக்கெட்டுக்குள் வெளிச்சம் ஊடுருவிப் பாசி பிடிக்கும், சாக்கு சுற்றி வைக்கலாம். வெயிலில் நின்று நின்று பிளாஸ்டிக் சில கோடைகளில் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, தொட்டால் நொறுங்க ஆரம்பிக்கும். அந்தக் கட்டத்துக்கு முன்பே பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடுங்கள் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். நொறுங்கியதை யாரும் வாங்க மாட்டார்கள், துகள் எல்லாம் மண்ணோடு போய்விடும்.

எண்ணெய் கேனுக்கு வருகிறேன். இதைக் கேட்டு மரச்செக்கு வைத்திருப்பவர்களும் வருவார்கள், செக்கில் எண்ணெய் ஆட்டப் போகிறவர்களும் வருவார்கள். நான் அதற்கு மட்டும் கொடுப்பதில்லை. கேனின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம் காற்றுப் பட்டுச் சில நாளிலேயே காறிப் போகும். அந்த வாடை பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிட்டால் கழுவினாலும் போகாது. புதுசாக ஆட்டிய கடலை எண்ணெயை அதில் ஊற்றினால் எண்ணெய்தான் கெடும், பழி செக்குக்காரர் மேல் விழும். தகர டின்னுக்கு இது சட்டத்திலேயே இருக்கிறது: ஒருமுறை பயன்படுத்திய டின்னில் மறுபடி சமையல் எண்ணெய் அடைத்து விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 பேக்கேஜிங் விதிகள் சொல்கின்றன. எங்கள் எண்ணெய் கேன்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக, செடிக்குக் கரைசல் எடுத்துப்போக, மாட்டுத் தீவனத்துக்கு என்று போகின்றன. ஒரு பக்கம் செவ்வகமாக அறுத்துவிட்டால் தானியம் அள்ள நல்ல முறமும் ஆகும்.

இனி கழுவுவது. எல்லாவற்றுக்கும் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும் என்று தோன்றும். குளுக்கோஸுக்குச் சோப்பே தேவையில்லை, வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி ஒரு மணி நேரம் விட்டால் கரைந்து வந்துவிடும். தாமதித்தால்தான் சங்கடம்: எறும்பு வரும், அப்புறம் தேனீ வரும். கேக் ஜெல் நுரைப்பதற்காகவே செய்யப்பட்ட பொருள். அதில் சோப்புப் போட்டால் பின்கட்டு முழுக்க நுரை, அலசி முடிக்கவே முடியாது. முதலில் கரண்டியால் வழித்து மாவில் சேர்த்துவிடுங்கள், காசு கொடுத்து வாங்கியதுதானே. பிறகு வெறும் சுடுதண்ணீர். எண்ணெய் கேனை வாய் கீழாக ஒரு பாத்திரத்தின் மேல் இரவு முழுக்கக் கவிழ்த்து வைத்தால் வடிவதே ஒரு பொரியலுக்கு ஆகும். வடிந்த பிறகு சலவைச் சோடா கரைத்த சுடுதண்ணீரும் ஒரு பிடி கல்லுப்போ பெருமணலோ போட்டுக் குலுக்கினால், கை நுழையாத மூலைகளும் சுத்தமாகும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். இந்தக் கேன்களின் பிளாஸ்டிக் உருகுவதற்கு 130 டிகிரிக்கு மேல் ஆகும் என்றாலும், கொதிநீர் பட்டாலே இளகிக் கோணிக்கொள்ளும், மூடி அப்புறம் உட்காராது. எண்ணெய் கலந்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் பாத்திரம் கழுவும் தொட்டியின் எண்ணெய் வடிகட்டிப் பெட்டி வழியாக விடுங்கள். இல்லையென்றால் அடைப்பு எடுக்கக் கொடுக்கும் கூலியில் கேன் விற்ற காசெல்லாம் போய்விடும்.

சாஸ் கேனில் செம்மஞ்சள் கறை இருக்கும். தேய்த்து மாளாது. தக்காளி நிறம் வெயில் பட்டால் தானாகவே வெளுத்துவிடும், இரண்டு மூன்று நாள் திறந்த வாக்கில் வெயிலில் வைத்தால் போதும். எதைக் கழுவினாலும் மூடியைக் கழற்றிவைத்துத் தலைகீழாகக் காயவிட வேண்டும். ஈரத்தோடு மூடினால் பூஞ்சண வாடை வந்துவிடும். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைத் தனியாக எடுத்துக் கழுவுங்கள், பழைய வாடை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

எசன்ஸ் பாட்டிலுக்கு மட்டும் நான் தோற்றுப் போனேன். பைனாப்பிள், பாதாம், ரோஸ் எதுவானாலும் பிளாஸ்டிக் அந்த வாசனையைக் குடித்துவிடுகிறது. வெயிலில் வைத்தும், சோடா உப்புப் போட்டு ஊறவைத்தும், கரி போட்டு வைத்தும் பார்த்தாயிற்று. சும்மா கொடுத்தால்கூட எடுத்துப் போனவர் அடுத்த வாரம் திருப்பிக் கொண்டுவருகிறார். அவற்றை அலசி, மூடி கழற்றி, நேரே எடைக்குப் போடுவதுதான் வழி. அதைக் குறைக்க வேறு ஏற்பாடு செய்திருக்கிறோம், கடைசியில் சொல்கிறேன்.

5 லிட்டர் கேன்களை வாங்க வீட்டில் பினாயில், சோப்பு ஆயில் தயாரித்து விற்கும் பெண்கள் வருவார்கள். சுயஉதவிக் குழுக்களில் இந்தத் தொழில் நிறைய. இங்கேதான் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. உணவுப் பொருளின் பெயர் போட்ட கேனை அப்படியே அவர்களிடம் தர மாட்டேன். வினிகர் லேபிளோடு இருக்கும் கேனில் பினாயில் அடைத்தால், வாங்கிப்போன வீட்டில் யாராவது அதை வினிகர் என்று எடுக்க ஒரு அவசர நாள் போதும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் சொல்லவே வேண்டாம். லேபிளை முழுக்க உரித்து, ஒட்டுப் பசையைத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். அவர்கள் தங்கள் லேபிளைத் தண்ணீரில் கரையாத மையில் எழுதி ஒட்ட வேண்டும் என்பதும் ஒப்பந்தம். கூல்டிரிங்ஸ் பாட்டிலையும் தண்ணீர் பாட்டிலையும் இதற்குக் கொடுப்பதே இல்லை, லேபிள் இல்லாவிட்டாலும் அந்த வடிவத்தைப் பார்த்தாலே கை தானாகக் குடிக்கப் போகும்.

விவசாயிக்குப் போகும் டிரம்மில் லேபிள் இருக்க வேண்டும், ஏனென்றால் அதில் என்ன இருந்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. பினாயிலுக்குப் போகும் கேனில் இருக்கவே கூடாது. மூன்றாவது ஒரு வகையும் உண்டு. பிரபலமான கம்பெனிப் பெயரோடு, லேபிள் கிழியாமல், மூடியும் நன்றாக இருக்கும் கேன்களை மட்டும் பொறுக்கி, நல்ல விலை சொல்லிக் கேட்கிற ஆட்கள் வருவார்கள். எதற்கு என்று கேட்டால் மழுப்புவார்கள். போலிச் சரக்கு அடைக்கிறவர்களுக்கு வேண்டியது இந்த மாதிரி காலிகள்தான். நான் கம்பெனிப் பெயரையும் பேட்ச் எண்ணையும் கத்தியால் கீறிவிடுகிறேன், உள்ளே இருந்த பொருளின் பெயரை மட்டும் விட்டுவைக்கிறேன். கீறல் விழுந்த கேனுக்கு அந்த ஆட்கள் வருவதில்லை. தோட்டக்காரருக்குக் கீறல் ஒரு பொருட்டே இல்லை.

இப்படி யாருக்கும் ஆகாமல் மிஞ்சுவதுதான் எடைக்குப் போகிறது. இங்கேதான் என்ன பிளாஸ்டிக் என்ற கேள்வி வருகிறது. கேனின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். 1 என்றால் பெட், தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட் ஜாடியும். 2 என்றால் எச்டிபிஇ, எண்ணெய் கேனும் நீல டிரம்மும். 5 என்றால் பிபி, பெரும்பாலான பக்கெட்டும் டப்பாவும். 3 பிவிசி, 6 பாலிஸ்டைரீன், 7 என்றால் மற்றவை. 20 லிட்டர் தண்ணீர் கேன்களில் பாலிகார்பனேட்டால் செய்தவை இந்த 7இல் வரும். பார்க்கப் பெட் மாதிரியே இருந்தாலும் அதோடு சேர்க்கக் கூடாது. அந்த முக்கோணத்தைப் பார்த்துவிட்டு, இதைக் கட்டாயம் மறுசுழற்சி செய்வார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். என்ன வகை என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. வாங்குவதற்கு உங்கள் ஊரில் ஆள் இருக்க வேண்டும்.

எண் தேய்ந்து போயிருந்தால் ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். எச்டிபிஇயும் பிபியும் மிதக்கும், பெட்டும் பிவிசியும் மூழ்கும். எங்கள் ஊர்ப் பழைய இரும்புக் கடைக்காரர் இதையெல்லாம் செய்வதில்லை. நகத்தால் கீறி, தட்டிச் சத்தம் கேட்டு, வளைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். அவர் எனக்குச் சொன்ன ஒன்று ரொம்ப உபயோகம்: வகை பிரித்தால் மட்டும் போதாது, நிறமும் பிரிக்க வேண்டும். வெள்ளையை அரைத்துக் குருணையாக்கினால் எந்த நிறமும் ஏற்றலாம், அதனால் விலை கூட. நீலமும் சிவப்பும் கலந்தால் கறுப்பாக்கித்தான் தீர்க்க முடியும். கறுப்புக் குழாய், பூந்தொட்டி, சித்தாள் சட்டி என்று போகும். பெட் மட்டும் வேறு பாதை, நாராகிப் பாலியஸ்டர் நூலாகிறது. அதில் ஒரு துண்டு பிவிசி கலந்தாலும் வினை, பெட் உருகும் சூட்டில் பிவிசி கருகி மொத்தத்தையும் பழுப்பாக்கிவிடும். பெட் ஜாடியின் மேல் சுருங்கி ஒட்டியிருக்கும் லேபிள் உறை சிலதில் பிவிசிதான், உரித்துவிடுங்கள். பக்கெட்டின் கம்பிக் கைப்பிடியைக் கழற்றி இரும்போடு போடுங்கள். மூடி பல சமயம் வேறு வகைப் பிளாஸ்டிக், அதையும் தனியே. பிரித்துக் கொடுப்பவருக்கு அவர் ஒரு விலை வைத்திருக்கிறார், கலந்து கொட்டுபவருக்கு ஒரு விலை. கச்சா எண்ணெய் விலை இறங்கிப் புதுப் பிளாஸ்டிக் மலிவானால் இரண்டுமே இறங்கும். அந்த மாதங்களில் விற்காமல் நசுக்கி அடுக்கி வைப்பதற்கு மேலே கூரை உள்ள இடம் வேண்டும்.

கூரையைச் சும்மா சொல்லவில்லை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இந்த மாதிரி டப்பாக்களில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான். ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து கொசு வந்துவிடும். தண்ணீர் வற்றிவிட்டால் கவலையில்லை என்றும் நினைக்க முடியாது, சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் தாங்கி அடுத்த மழையில் பொரிக்கும். பருவமழைக் காலத்தில் கொசுப்புழு பார்க்க வரும் பணியாளர்கள் எங்கள் பின்கட்டுக்குத்தான் நேராக வருவார்கள். காலி டப்பா என்றால் கவிழ்த்து வைப்பது, வெளியே கொடுப்பதற்கு முன் உள்சுவரைத் தேங்காய் நாரால் ஒரு தேய்ப்பு தேய்ப்பது, இரண்டும் கட்டாயம்.

விறகு ஓவன் வைத்திருக்கும் சில இடங்களில் உடைந்த பக்கெட்டை அடுப்புப் பற்றவைக்கப் போடுவார்கள். டக்கென்று பிடித்துக்கொள்ளும் என்பது உண்மைதான். பிரெட் வேகிற அறை அது. பிவிசி ஏதாவது கலந்திருந்தால் வருகிற புகையில் டையாக்சின் இருக்கும். இதைச் செய்யும் மாஸ்டர் யாராக இருந்தாலும், எவ்வளவு கைத்திறன் இருந்தாலும், சத்தம் போட வேண்டிய விஷயம்.

இத்தனை வேலையை யார் செய்வது என்று கேட்பீர்கள். முதலில் நான் ஆள் ஆளுக்குச் சொல்லிப் பார்த்தேன், ஒரு வாரம் நடந்து அடுத்த வாரம் பழையபடி குவிந்தது. இப்போது டப்பா விற்ற காசு முழுவதும் பாத்திரம் கழுவும் பெண்களுக்கே. பேக்கரிக் கணக்கில் வரவு எழுதி, அவர்களுக்கு ஊக்கத்தொகையாகச் செலவு எழுதிக் கொடுத்துவிடுகிறேன். விற்பனைக்கு வரி எப்படி என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து மூடி தொலைவதில்லை. எந்தக் கொத்தனாருக்கு எத்தனை பக்கெட் வேண்டும் என்பது எனக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிகிறது. "அக்கா, பைப்பாஸ்ல வீடு கட்டறாங்க, பத்து பக்கெட் எடுத்து வைக்கச் சொன்னாங்க" என்று ஆர்டரே பிடித்து வருகிறார்கள். ஒருவரும் கேட்காத உதிரிகளை நகராட்சி வண்டியில் மட்காத குப்பையாகப் பிரித்துப் போடுகிறோம், அது அவர்களின் வள மீட்பு மையத்துக்குப் போகிறது.

காலி வருவதையே குறைப்பதுதான் இப்போது நான் கை வைத்திருக்கும் வேலை. 35 கிலோ கேன்களில் வாங்கிக்கொண்டிருந்த குளுக்கோஸை டிரம்மாக மாற்றியதில் கேன்கள் ஒழிந்தன, டிரம்முக்கு ஆள் தயாராகவும் இருக்கிறார். தரை கழுவும் ஆசிட்டும் சோப்பு ஆயிலும் தருபவரிடம், 20 லிட்டர் தண்ணீர் கேனுக்கு டெபாசிட் வாங்குவது மாதிரி உங்கள் கேனுக்கும் வாங்கிக்கொள்ளுங்கள், காலியைத் திருப்பி எடுங்கள் என்றேன். வண்டி எப்படியும் காலியாகத்தானே திரும்பிப் போகிறது. கேன் புதுசாக வாங்கும் செலவு மிச்சம் என்று தெரிந்ததும் அவரே ஒத்துக்கொண்டார். ரசாயனக் கேன் வேறு யார் கைக்கும் போகாமல் வந்த இடத்துக்கே போவதில் எனக்கும் நிம்மதி.

எசன்ஸ் தருபவர் மட்டும் இன்னும் பிடிகொடுக்கவில்லை. அரை லிட்டர் பாட்டில்களுக்குப் பதில் 5 லிட்டர் கேனாகத் தந்தால், காலியைத் திரும்ப எடுத்துக்கொண்டு அதே எசன்ஸை அதிலேயே நிரப்பித் தரலாமே என்று கேட்டேன். வாசனை பிளாஸ்டிக்கில் ஏறினாலும் அதே வாசனைதானே, கெடுவதற்கு ஒன்றுமில்லை. லேபிள், பேட்ச் எண் எல்லாம் புதுசாகப் போட வேண்டும், கம்பெனியைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார். சுற்று வட்டாரத்தில் இன்னும் நாலைந்து பேக்கரிக்காரர்கள் அவரிடம்தான் வாங்குகிறார்கள். அவர்களிடமும் பேசிக்கொண்டிருக்கிறேன், சேர்ந்து கேட்டால் மறுக்க மாட்டார்.